கொம்பு வைத்த வாத்தும் ஸ்டாண்டுக் கிளியும்

1

இன்று ஆயுத பூஜை. இங்கே எட்மண்டனில் அது வெறும் வேலை நாள். இருட்டு விலகுமுன் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அண்ணனிடமிருந்து வீடியோ வந்தது. அங்கே சாயங்காலம். பெரம்பலூர் வேன் ஸ்டாண்டில் வண்டிகளெல்லாம் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்து வரிசையாக நிற்கின்றன. ஸ்பீக்கர் அலறுகிறது. அதையும் மீறி அண்ணன் கத்துகிறார். "பாத்தியா மல்லிகா, நம்ம வண்டிக்குத்தான் மொதப் பூசணிக்கா!"

அண்ணன் பெயர் செல்வராசு. ஒரு டூரிஸ்ட் வேன் வைத்திருக்கிறார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. கல்யாணம், காதுகுத்து, பழனி, திருப்பதி என்று எங்கள் பக்கத்து ஜனங்களை ஏற்றி இறக்கியே தலை நரைத்துவிட்டது.

எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது புதிதாக வண்டி வாங்கி உள்ளே கொண்டுவந்தால், மற்ற வண்டிக்காரர்கள் ஆளுக்கு ஒரு சின்னப் பொருளை அதில் வைப்பார்கள். ஒருவர் குஞ்சம் கட்டுவார், ஒருவர் மணி மாட்டுவார், இன்னொருவர் தலையாட்டி பொம்மையை ஒட்டுவார். கேட்டு வாங்கக் கூடாது. வைத்ததை வண்டிக்காரர் கழற்றவும் கூடாது. அண்ணன் வண்டி வந்த அன்று லெப்பைக்குடிக்காட்டு ஜமால் பாய் முன்கண்ணாடியில் 786 ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, "இது எங்க வூட்டுப் பங்கு மாப்ள. கிழிச்ச, நாளையிலேர்ந்து சலாம் கெடையாது" என்றார். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் படத்துக்குப் பக்கத்தில் அது இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லாரும் வைத்த பிறகு, கடைசியாக ஸ்டாண்டின் சார்பில் ஒரு பச்சைத் துணிக்கிளி. பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் மூன்று ஸ்டாண்டு வண்டிகளிலும் அதே கிளிதான். கிளி தொங்கினால் நம்ம வண்டி. வழியில் நின்றால் நிறுத்தி என்னவென்று கேட்க வேண்டும். பேர் ஊர் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

இன்னொரு பழக்கமும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வண்டி திருச்சிக்குப் போகும்போது சிறுவாச்சூர் கோயில் திருப்பம் வந்தால் டிரைவர் ஒருமுறை ஹாரன் அடிப்பார். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொள்வார். கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறப்பார்கள். மற்ற நாட்களில் அம்மன் மலைக்குப் போய்விடுவாள் என்பார்கள். ஹாரன் மட்டும் எல்லா நாளும் உண்டு.

நான் இங்கே லைசென்ஸ் எடுக்கப் போனபோது சர்ச் ஒன்றைக் கடந்தோம். கை தானாகப் போய் ஹாரனை அமுக்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரிசோதகர் அம்மாள் பதறிப்போய், யார் குறுக்கே வந்தது என்று கேட்டாள். "நோபடி. காட்" என்றேன். ஃபெயில். மறுபடி பணம் கட்டி, வரிசையில் நின்று, ஹாரனைத் தொடாமல் ஓட்டி லைசென்ஸ் வாங்கினேன். அதற்கப்புறம் கண்ணாடியில் கட்டியிருந்த ஒரு சின்னக் குஞ்சத்தையும், பார்வையை மறைக்கிறது என்று ஒரு போலீஸ்காரர் கழற்றச் சொல்லிவிட்டார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து என் கார் மொட்டையாகவும் ஊமையாகவும் ஓடுகிறது. பார்க்கிங்கில் வரிசை வரிசையாக வெள்ளைக் கார்கள். என்னுடையது எது என்று நானே நம்பர் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறேன். ஊரை நினைத்து நான் ஏங்குவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இல்லை. தூரத்தில் வரும்போதே இது இன்னார் வண்டி என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்பதற்குத்தான்.

2

மகள் கயல்விழி பத்து வயதில் இங்கே வந்தவள். இப்போது பதினெட்டு. போன வருஷக் கடைசியில், காபிக் கடையில் பகுதி நேரமாக வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு பழைய ஜீப் வாங்கினாள். சிவப்பு. கதவை அடித்துச் சாத்த வேண்டும்.

எங்கள் ஊரில் ஜீப் என்றால் தாசில்தார் வருவார், இல்லையென்றால் போலீஸ் வரும். இதைப் போய் ஒரு பெண் ஆசைப்பட்டு வாங்குவாளா என்று எனக்குப் புரியவில்லை. "வேற காரே கெடைக்கலையாடி?" என்றேன்.

"அம்மா, ப்ளீஸ். இது ஜீப். உனக்குப் புரியாது."

அந்த "உனக்குப் புரியாது" எங்கள் வீட்டில் உப்பு மாதிரி. எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கும். அவள் தமிழ் குறைந்து, அவளுடைய அறைக் கதவு சாத்தியிருக்கும் நேரம் கூடிக்கொண்டே வந்தது. செப்டம்பரில் சாஸ்கட்டூனுக்குப் படிக்கப் போகிறாள் என்பதும் முடிவாகிவிட்டது. ஐந்தாறு மணி நேரம், ஆள் அரவமற்ற வயல்வெளிச் சாலையில் இந்த ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு. போனில் அந்தச் சாலையின் படத்தைத் தினமும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன்.

நம் ஆட்கள் ஒன்றுகூடிய ஒரு விருந்தில் ஒரு அம்மாள் ஜன்னல் வழியாக ஜீப்பைப் பார்த்து, "இந்த வயசுலயே ஜீப்பா!" என்று நீட்டி முழக்கினாள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது. மறுநாளே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து ஜீப்பின் முன்னால் கட்டினேன். குளிரில் பழம் கோலிக்குண்டாக இறுகிவிட்டது. கயல் அதைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரத்தில்தான் முதல் வாத்து வந்தது.

3

நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். விடியுமுன் கிளம்பிவிடுவேன். என் கணவருக்கு இரவு ஷிப்ட். கயல் தூங்கிக்கொண்டிருப்பாள். அன்று ஜீப்பைத் தாண்டிப் போனபோது அதன் கதவுக் கைப்பிடியில் ஏதோ இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் மஞ்சள் நிற ரப்பர் வாத்து. கழுத்தில் சிவப்புக் கயிறு, கயிற்றில் மடித்த ஒரு சீட்டு.

மஞ்சள், சிவப்புக் கயிறு, மடித்த சீட்டு. இதை எங்கள் ஊரில் யாரிடம் காட்டினாலும் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். யாரோ செய்வினை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கையால் தொடக் கூடாது. பனி தள்ளும் மண்வெட்டியால் அதை அள்ளினேன். எங்கள் தெரு முனையில் மூன்று சாலை கூடும் இடம் இருக்கிறது. நாடு எதுவானாலும் முச்சந்தி முச்சந்திதான். பனி தள்ளும் வண்டி அங்கே ஓர் ஆள் உயரத்துக்குப் பனியைக் குவித்து வைத்திருந்தது. வாத்தை அதில் புதைத்து, அண்ணன் அனுப்பிய சிறுவாச்சூர்க் குங்குமத்தை மஞ்சள் தண்ணீரில் கரைத்து மேலே ஊற்றி, திரும்பிப் பார்க்காமல் வந்தேன். வீட்டுக்குள் போகுமுன் வாசலிலேயே கால் கழுவ வேண்டுமே! மைனஸ் இருபதில் பூட்ஸைக் கழற்றித் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிய தண்ணீர் படியில் கண்ணாடியாகிவிட்டது. அந்தப் படியில் மூன்று நாள் கழித்து என் கணவர் வழுக்கி விழுந்தார். பார்த்தாயா, வேலையைக் காட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது வாத்து கறுப்பு. தலையில் இரண்டு கொம்பு. நான் பொய் சொல்லவில்லை, சின்னதாக இரண்டு சிவப்புக் கொம்பு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இது அரளாதவன் கண்ணுக்கும் பேய்தான். மூன்றாவது வாத்துக்கு ஒரு கண்ணில் கறுப்புத் துணி கட்டியிருந்தது. மூன்றையும் அதே பனிக் குவியலில் புதைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கயலிடம் சொன்னால் பயப்படுவாள் என்று நினைத்தேன். பயந்தது யார் என்று யோசிக்கவில்லை.

4

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் கயல் தட்டின் முன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை. என்ன என்று கேட்டதற்கு முதலில் "ஒண்ணுமில்ல." பிறகு அவளாகவே சொன்னாள்.

"ஜீப் வச்சிருக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் வாத்து வப்பாங்கம்மா. தெரியாதவங்க ஜீப்புல வச்சிட்டுப் போயிடுவாங்க. 'உன் வண்டி நல்லா இருக்கு, நீ நம்ம ஆளு'ன்னு அர்த்தம். ஆஷ்லிக்கு டேஷ்போர்டு ஃபுல்லா வாத்து. எனக்கு ஒண்ணுகூட இல்ல. அவ ஜீப்பவிட என்னுது நல்லா இருக்கு. ஓட்டுறது நான்னு பாத்துட்டு வைக்காமப் போறாங்க போல."

"ஏன்டி அப்படி நெனக்கிற?"

"வேற என்ன நெனக்கிறது?" என்றாள். கையை நீட்டிக் காட்டினாள். தன்னுடைய கறுத்த கையை.

என் மகள் எட்டு வருஷமாக இந்த ஊரில் அழுது நான் பார்த்ததில்லை. பள்ளியில் முதல் நாள் பேச்சுப் புரியாமல் நின்றபோதுகூட அழவில்லை. அன்று அழுதாள். என் தொண்டைக்குள் மூன்று வாத்தும் வந்து அடைத்துக்கொண்டன.

மறுநாள் எனக்கு விடுமுறை. கயல் வேலைக்குப் போனதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முச்சந்திக்கு ஓடினேன். பனி அரியலூர் சிமெண்டு போல இறுகிக் கிடந்தது. கொத்திக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெரியவர் வந்து, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். பதற்றத்தில் என் ஆங்கிலம் எப்போதும் குறுகிவிடும். "மை டாட்டர்ஸ் டக். ஐ பரீட். த்ரீ" என்றேன். அவர் முகம் வெளுத்துப்போனது. போனைக் கையில் எடுத்தபடியே வீட்டுக்குள் போய்விட்டார். எவ்வளவு கொத்தியும் ஒரு வாத்தும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் நகராட்சியிலிருந்து ஓர் ஆள் வந்து மணி அடித்தார். கதவைத் திறந்தவள் கயல். இந்த வீட்டில் வாத்து வளர்க்கிறீர்களா, அதற்கு அனுமதி இருக்கிறதா, வாத்துகள் பனியில் புதைக்கப்பட்டபோது உயிரோடு இருந்தனவா என்று அவர் வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். கயல் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ரப்பர்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்த ஆள் சிரித்தபடி எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார். கயல் சிரிக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, சீட்டு, கொம்பு, குங்குமம். கடைசிவரை கேட்டாள். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று எனக்குப் புரிந்தது. அதை இங்கே எழுத வேண்டாம்.

5

இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பாள், போவாள். கோபத்தைக்கூடத் தாங்கலாம். செப்டம்பரில் இப்படியே போய்விடுவாளோ என்ற நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீடியோவில் வந்தபோது, கயல் எங்கிருந்தோ வந்து போனைப் பிடுங்கினாள். தட்டுத் தடுமாறித் தமிழில் எல்லாவற்றையும் மாமனிடம் கொட்டினாள். மாமன் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்தப் புள்ளையக் கூப்புடு" என்றார். புள்ளை என்றது என்னை.

"ஏன் புள்ள, ஜமாலு ஒட்டுனத என்னிக்காச்சும் ஒருநா நான் பிச்சிருக்கனா?"

"இல்லண்ணே."

"அவங்க வச்சது மட்டும் ஒனக்குச் செய்வினையா? அங்க வாத்து வக்கிறாங்க, இங்க கிளி கட்டுறோம். அவ்ளோதான வித்தியாசம்? ஸ்டாண்டுக்காரன் தங்கச்சி, ஒனக்குத் தெரிய வேணாமா?"

"கொம்பு இருந்துச்சுண்ணே."

"கொம்பு இருந்தா என்னா? பாடாலூர மறந்துட்டியா நீ?"

மறக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன் நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய நாள். அண்ணன் வண்டியில்தான் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போனோம். சிறுவாச்சூர்த் திருப்பத்தில் ஹாரன் அடித்தார். பாடாலூர் தாண்டி டயர் வெடித்தது. ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. விமானத்துக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் திருச்சியிலிருந்து வந்த ஒரு வேன் வேகம் குறைந்து, சுற்றிக்கொண்டு எங்களிடம் வந்து நின்றது. ஜெயங்கொண்டம் வண்டி. கண்ணாடியில் பச்சைக்கிளி. அதன் டிரைவர் ஒன்றும் கேட்கவில்லை. "ஏறுங்க, ஏறுங்க" என்று பெட்டிகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டார். அண்ணன் தன் வண்டியை விட்டுவிட்டு வர முடியாது. ரோட்டோரமே நின்றுவிட்டார்.

யாரோ ஒருவருடைய வண்டியின் பின்கண்ணாடி வழியாகத்தான் அண்ணனைக் கடைசியாகப் பார்த்தேன். கையில் ஜாக்கியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அதற்குப் பிறகு ஊருக்குப் போக வாய்க்கவில்லை. முதலில் இங்கே தங்குவதற்கான காகிதங்கள் வரவில்லை, பிறகு கொரோனா, பிறகு லீவு கிடைக்கவில்லை. எப்போது பாடாலூரை நினைத்தாலும் அண்ணன் சின்னதாகிக்கொண்டே போனதுதான் கண்ணில் நிற்கும். எங்களை ஏற்றிப் போன வண்டியை நான் நினைத்ததே இல்லை. ஊரிலிருந்து பயத்தை மட்டும் பத்திரமாக மூட்டை கட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். அந்த டிரைவரை அங்கேயே விட்டுவிட்டேன்.

அன்று கயல் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தக் கதையே தெரியாது. அண்ணன்தான் இப்போது சொன்னார். "அந்த வேன் மாமா யாரு?" என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும் பாப்பா? கிளி தொங்குச்சு. நின்னாரு" என்றார் அண்ணன். "ஒங்கம்மா மேல கோவிச்சுக்காத. தெரியாத ஊரு, பயந்துட்டா. நீ ஒண்ணு செய்யி. எங்க ஸ்டாண்டுல வாங்குனவன் அடுத்த வண்டிக்கு வைக்கணும். ஒனக்கு மூணு வந்துருக்குல்ல? நீயும் வையி."

6

ஏப்ரலில் பனி உருகியது. வேலை முடிந்து வந்தபோது முச்சந்தியில் கயல் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். சேறும் பழைய இலையுமாகக் கிடந்த இடத்தில் மூன்று வாத்தும் கிடந்தன. குங்குமம் அவற்றின் மேல் ஊறிப்போயிருந்தது. மஞ்சள் வாத்தின் தலையிலிருந்து நெற்றிக்கு வழிந்து, அப்படியே பொட்டு வைத்தது போல நின்றுவிட்டது.

சீட்டை அவள் பிரித்தாள். எழுத்து கலைந்து ஒன்றும் தெரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கயல் அந்த வாத்தை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "அம்மா, இது உன்ன மாதிரியே இருக்கு" என்றாள். அப்புறம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று! நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். எதிர்வீட்டுப் பெரியவர் ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

மூன்றையும் கழுவாமல் ஜீப்பின் டேஷ்போர்டில் ஒட்டினாள். கொம்பு வைத்தது நடுவில்.

கோடையில் ஒரு பை நிறைய ரப்பர் வாத்து வாங்கி வந்தாள். ஒருநாள் சமையலறையில் வந்து, "அம்மா, மாமா அனுப்புன அந்தச் செவப்புப் பவுடர் எங்க?" என்றாள். எதற்கு என்று நான் கேட்குமுன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் கிளம்பினாள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். இவள் என்ன சொல்வாளோ என்று பயந்துகொண்டேதான் வைத்தேன். அவள் மெதுவாக ஏற்றி நசுக்கிவிட்டு, தெருமுனையில் திரும்பினாள். நான் ரோட்டோரம் நின்றேன். இந்த முறை சின்னதாகிக்கொண்டே போனது நான் என்று அப்போதுதான் உறைத்தது. கையில் மிச்சமிருந்த ஒரு எலுமிச்சம்பழத்தை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

7

இன்றைக்கு ஆயுத பூஜை என்று சொன்னேன் அல்லவா. வேலை முடிந்து, அண்ணன் அனுப்பிய வீடியோவை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, பொரியும் கடலையும் கிடைக்குமா என்று கடைக்குப் போனேன். கிடைக்கவில்லை. கயல் ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவாள். இன்று செவ்வாய். திரும்பி வந்து என் மொட்டைக் காரைத் தேடிக்கொண்டிருந்தபோது, வழியில் ஒரு பச்சை ஜீப் நின்றது. யாருடையதோ.

டேஷ்போர்டில் வரிசையாக வாத்துகள். எல்லாம் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்றின் நெற்றியில் குங்குமப் பொட்டு. வழிந்து வந்ததல்ல. விரலால் தொட்டு, நிதானமாக, வட்டமாக வைத்த பொட்டு.

ஜீப்பின் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தேன். கயல் கிளம்புமுன் எத்தனை பேருக்கு இப்படி வைத்திருக்கிறாளோ! அவர்களுக்கு அது என்னவென்று தெரியுமா? தெரியாவிட்டால்தான் என்ன? யாரும் அதைக் கழற்றவில்லை, வைத்திருக்கிறார்கள்.

என் காரைக் கண்டுபிடித்து ஏறினேன். பச்சை ஜீப்பைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து ஒருமுறை ஹாரன் அடித்தேன். ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்தேன். கடைச் சாமான் தள்ளுவண்டியோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டு நின்று, யாருக்கு என்பது போலப் பார்த்தார். கண்ணாடியை இறக்கினேன்.

"நம்ம வண்டிங்க" என்றேன். தமிழிலேயே சொல்லிவிட்டேன்.